10 மி.மீ. யோகா மேட்டில் கை வழுக்குது, வாடையும் போகமாட்டேங்குது. மாற்று என்ன?

வேர்வைக்கை:
எல்லோருக்கும் வணக்கம். சென்னை, அபார்ட்மெண்ட், விட்ரிஃபைடு டைல்ஸ் தரை. தினம் காலையில் 1 மணி நேரம் பயிற்சி: 12 சுற்று சூரிய நமஸ்காரம், நின்று செய்யும் ஆசனங்கள், கடைசியில் சர்வாங்காசனம், சவாசனம். முட்டி உறுத்தக் கூடாதுன்னு 10 மி.மீ. என்.பி.ஆர். (செயற்கை ரப்பர் நுரை) மேட் வாங்கினேன். இப்போ மூணு தொல்லை.

அதோ முக ஸ்வானாசனத்தில் (கையும் காலும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கி நிற்பது) நாலாவது மூச்சுக்குள் உள்ளங்கை முன்னால் சறுக்குது. நடுவில் மேட்டே ரப்பர் பேண்டு மாதிரி இழுபட்டு, விட்டதும் சுருங்கி மடிப்பு விழுது. பக்கெட்டில் ஊறவைத்து அலசி மொட்டைமாடியில் காயப்போட்டாலும் ரெண்டே நாளில் பழைய வாடை திரும்பி வருது. மேலே தடவிப் பார்த்தால் கையில் பொடி ஒட்டுது.

உயரம் 5 அடி 9 இன்ச். 3,500 ரூபாய் வரை செலவு பண்ணலாம். எந்தத் தடிமன், எந்த மெட்டீரியல், எப்படிச் சுத்தம் பண்றது? "கோரைப்பாயில் பண்ணினா என்ன குறைச்சல்?"னு வீட்டில் கேட்கிறாங்க, அதுக்கும் பதில் வேணும்.

நாலு_மில்லி:
உங்க கையில் இருப்பது எக்சர்சைஸ் மேட். மல்லாந்து படுத்து வயிற்றுப் பயிற்சி செய்ய அது நல்லது. கை ஊன்றி நிற்க ஆகாது. என்.பி.ஆர். நுரை ரொம்ப மெத்து. உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டுப் பக்கம் அமுங்கும், விரல் பக்கம் மேலே நிற்கும். அப்போ மணிக்கட்டு தேவைக்கு மேல் பின்னால் வளையும். 12 சுற்றுக்கு அப்புறம் மணிக்கட்டில் குத்துவலி இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். ஒற்றைக்காலில் நிற்கும் விருக்ஷாசனத்தில் கணுக்கால் ஆடுவதும் இதனால்தான். கையும் காலும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளும்போது மெத்து நுரை இழுபடாமல் என்ன செய்யும்?

புதுசு வாங்குவதற்கு முன்னாடி சறுக்கல் எங்கே நடக்குதுன்னு பாருங்க. கைக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு சறுக்கல், மேட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சறுக்கல். ரெண்டுக்கும் மருந்து வேற வேற. மேட்டின் முன் ஓரம் தரையைத் தொடும் இடத்தில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டுங்க. 5 சுற்று முடித்துப் பாருங்க. ஓரம் டேப்பைத் தாண்டியிருந்தால் மேட் நகருது. பெரும்பாலும் தரை துடைக்கும் திரவம் அதிகமாகி டைல்ஸ் மேல் ஒரு படலமாகத் தங்கியிருக்கும். மேட் விரிக்கும் இடத்தை வெறும் தண்ணீரில் ரெண்டு தடவை துடைத்து, மேட்டின் அடிப்பக்கத்தையும் துடைத்தாலே பாதி சரியாகிடும். டேப் இருந்த இடத்திலேயே இருக்கு, கை மட்டும் போகுதுன்னா அடுத்த சோதனை: ஆரம்பத்திலேயே, வேர்க்காத கையோடு 2 நிமிஷம் அதே ஆசனத்தில் நில்லுங்க. அப்பவும் சறுக்கினால் மேற்பரப்பு சரியில்லை. அப்போ கை சறுக்காமல் நின்று, இருபதாவது நிமிஷத்தில் சறுக்கினால் வேர்வை. நாலாவது மூச்சுன்னு நீங்க சொல்வது பயிற்சியின் எந்தக் கட்டத்தில்?

தடிமன்: 4 முதல் 5 மி.மீ. போதும். முட்டிக்காக மேட் முழுசையும் தடியாக்குவது, காலில் முள் குத்துதுன்னு தெருவுக்கே தோல் விரிக்கிற கதை. உஷ்ட்ராசனம், மர்ஜரி ஆசனம் மாதிரி முட்டி போடும் ஆசனம் வரும்போது ஒரு போர்வையை நாலாக மடித்து முட்டிக்கு அடியில் வைத்தால் தீர்ந்தது. உங்க பழைய மேட்டையே வெட்டியும் வைக்கலாம்.

நீளம்: கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 173 செ.மீ. நீளம், 61 செ.மீ. அகலம். நீங்க 175 செ.மீ. சவாசனத்தில் குதிகால் டைல்ஸைத் தொடும். 183 செ.மீ. நீளத்துக்குக் குறைந்து வாங்காதீங்க. தோள் அகலமான ஆள்னா 66 செ.மீ. அகலத்திலும் வருது, ஆனா சுமக்கிற எடை கூடும்.

மெட்டீரியல் பற்றிச் சுருக்கமா. டி.பி.இ. (ரப்பர் மாதிரி வளையும் ஒரு பிளாஸ்டிக்) 6 மி.மீ. ஏறக்குறைய ஒரு கிலோதான், தண்ணியை உறிஞ்சாது, உலர்ந்த கைக்கு நல்ல பிடி. வேர்வை பட்டதும் அதே மேற்பரப்பு கண்ணாடி. ரெண்டு நிறத்தில் ரெண்டு அடுக்கா வருவது ஓரத்தில் பிரிந்தும் போகும். அட்டையில் பச்சை இலை படம் போட்டிருப்பாங்க, மக்கும்னு நம்பிடாதீங்க. இயற்கை ரப்பர் 5 மி.மீ. எடுத்தால் உங்க நீளத்துக்கு இரண்டரைக் கிலோ பக்கம் வரும். வேர்க்கும் கைக்கும் ஓரளவு ஈடு கொடுக்கும், டைல்ஸில் அசையாது. "இயற்கை ரப்பர்"னு எழுதி ஒன்றரைக் கிலோதான் இருக்குன்னா சந்தேகப்படுங்க. ரப்பர் மேல் பி.யு. (பாலியூரிதேன்) பூச்சு போட்டதுதான் ஈரக்கைக்கு அதிகமாகப் பிடிக்கும். ஆனா நம்ம ஊர் ஈரக்காற்றில் அதுக்கு ஆயுசு கம்மி. பி.யு.வில் பல வகை ஈரத்தோடு வினைபுரிந்து உடைந்து, சில வருஷத்தில் பிசுபிசுத்து உரியும். மூடிய அலமாரியில் வைத்தால் இன்னும் சீக்கிரம். கார்க் (மரப்பட்டையில் செய்வது) டி.பி.இ.க்கு நேர் எதிர்: உலர்ந்த கையில் லேசா வழுக்கும், ஈரம் பட்டதும் பிடிக்கும்.

உங்க வேர்வைக்கு என் வரிசை: கார்க் மேல், ரப்பர் அடி. அடுத்தது வெறும் இயற்கை ரப்பர். மற்றதெல்லாம் அப்புறம்.

கல்உப்பு:
பி.வி.சி. பிளாஸ்டிக் மேட்டை ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டது நியாயமில்லை, நாலு_மில்லி சார். 400, 500 ரூபாய்க்கு வரும் நுரை பி.வி.சி. வேற, அடர்த்தியான பி.வி.சி. வேற. ரெண்டாவது வகை 6 மி.மீ.யில் மூணு கிலோவுக்கு மேலே எடை வரும், வருஷக்கணக்கில் உழைக்கும், வேர்வை உள்ளே இறங்காது, அதனால் வாடையும் பிடிக்காது. வெயிலுக்கும் எண்ணெய்க்கும் ரப்பர் மாதிரி பயப்பட வேண்டாம்.

புதுசில் வழுக்கும் என்பது உண்மை. தயாரிக்கும்போது மேலே ஒரு மெல்லிய படலம் தங்கும். அதை எடுக்கக் கல் உப்பு போதும். தரையில் விரித்து, கால் கிலோ கல் உப்பை மேலே சீராகத் தூவி, ஈரத்துணியால் லேசாகத் தேய்த்து, ஒரு நாள் அப்படியே விடுங்க. மறுநாள் துணி துவைக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, உப்பு முழுக்கப் போகும்வரை துடைத்து, காயவிடுங்க. அப்புறமும் வழுக்கினால் இன்னொரு தடவை. இந்த உப்பு வைத்தியம் அடர்த்தியான பி.வி.சி.க்கு மட்டும். ரப்பரிலோ கார்க்கிலோ பி.யு.விலோ கை வைக்காதீங்க. மேற்பரப்பு கீறிப்போகும், துளைக்குள் போன உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து எப்பவும் நசநசன்னு இருக்கும்.

நாலு_மில்லி:
விட்டது என் தப்புதான். ஆனா கேட்டவருக்கு உள்ளங்கை வேர்க்குது. அடர்த்தி பி.வி.சி. எவ்வளவு பழகினாலும் தேங்கின வேர்வைக்கு வழி இல்லை, மேலே துண்டு போட்டே ஆகணும். அந்த எடையும் தரமும் 3,500 ரூபாய்க்குள் அடங்குவதும் கஷ்டம்.

வேர்வைக்கை:
டேப் சோதனை பண்ணினேன். மேட் அரை இன்ச்தான் நகர்ந்தது. உலர்ந்த கையில் நிக்குது, மூணாவது சுற்றுக்கு அப்புறம் போகுது. அப்போ வேர்வைதான். கார்க்கா, வெறும் ரப்பரான்னு யோசிக்கிறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் உண்டு, அதனால் மேட்டுக்கு ஏதாவது ஆகுமா? மொட்டைமாடி வெயில் ஆகாதுன்னா, பால்கனி மட்டும் உள்ள வீட்டில் ரப்பர் மேட்டை எப்படிக் காயவைப்பது?

நிழலில்_காய:
எண்ணெயில் இருந்து தொடங்குறேன், ஏன்னா ரப்பர் மேட் கெடுவதில் பாதி அதனால்தான். இயற்கை ரப்பர் தண்ணியைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. எண்ணெயை உறிஞ்சி ஊதும், ஊதின இடம் மெத்தாகி, விரலால் உரசினால் திரிதிரியாக உருண்டு வரும். சீயக்காய் போட்டுக் குளித்தாலும் குதிகால் வெடிப்பிலும் கால்விரல் இடுக்கிலும் எண்ணெய் நிற்கும். அன்னைக்கு மேட் மேல் பருத்தி விரிப்பு போட்டுப் பண்ணுங்க, இல்லேன்னா குளியலுக்கு முன்னாடியே பயிற்சியை முடிச்சிடுங்க. பித்தவெடிப்புக் களிம்பு, வலி நிவாரணத் தைலம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் எல்லாம் இதே கணக்கு. கார்க் மேட்டுக்கும் அடியில் ரப்பர்தான், அதோட கார்க்கே எண்ணெயைக் குடித்துக் கறுக்கும்.

வெயில். புற ஊதாக் கதிரும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரைத் தாக்கும். முதலில் வளைக்கும் இடத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விடும், பிறகு பொடி உதிரும். என்.பி.ஆருக்கும் இதே பலவீனம். உங்க கையில் ஒட்டும் பொடி மொட்டைமாடி கொடுத்தது. நிறுத்தி வைத்த காருக்குள் விட்டுட்டுப் போவது இன்னும் மோசம், டி.பி.இ. அந்தச் சூட்டில் நெளிந்தே போகும்.

வாடைக்கு வருவோம். வேர்வைக்குத் தனி நாற்றம் கிடையாது. வேர்வையும் தோல் செதிலும் ஈரமும் சேர்ந்த இடத்தில் கிருமி பெருகுவதால் வருவது. ஊறவைக்கும்போது உங்க மேட்டின் வெடிப்பு வழியாகத் தண்ணி உள்ளே போச்சு, வெளிப்பக்கம் மட்டும் காய்ந்தது, உள் ஈரத்தோடு சுருட்டி வச்சீங்க. அதனால் எந்த மேட்டையும் பக்கெட்டில் முக்காதீங்க. வாஷிங் மெஷினும் வேண்டாம், பிழியும் சுற்றில் மடிந்த இடத்தில் கிழியும்.

தினமும்: பயிற்சி முடிந்ததும் ஈரத்துணியை இறுக்கப் பிழிந்து, கை, கால் ஊன்றும் இடங்களை மட்டும் துடைங்க. பத்து நிமிஷம் ஃபேன் காற்றில் விரித்தே இருக்கட்டும். குளிச்சிட்டு வந்து சுருட்டினால் சரியா இருக்கும்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை: 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில் பாத்திரம் கழுவும் திரவம் அரை டீஸ்பூன். அதுக்கு மேலே ஊத்தக் கை துடிக்கும், ஊத்தாதீங்க. சோப்பு எச்சம் தங்கினால் அதுவே வழுக்கும், பலர் புது மேட்டையே மாற்றுவது இந்த எச்சத்தைத் தேய்மானம்னு நினைத்துதான். மென்மையான துணியால் வட்ட வட்டமாகத் துடைத்து, வெறும் தண்ணித் துணியால் ரெண்டு முறை எடுங்க. ரெண்டாவது முறை துணியைப் பிழியும்போது நுரை வந்தால் மூணாவது முறை.

காயவைக்க: உலர்ந்த குளியல் துண்டை மேட் மேல் நீளவாக்கில் விரித்து, ரெண்டையும் சேர்த்துச் சுருட்டி, சுருளை முழங்கையால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அழுத்திட்டு வாங்க. ஈரத்தில் பெரும்பங்கு துண்டுக்கு ஏறிடும். பிறகு ரெண்டு நாற்காலி முதுகின் மேல் போட்டு, நடுவில் தொய்வாக, வீட்டுக்குள் ஃபேன் அடியில் விடுங்க. கயிற்றுக் கொடியில் போட்டால் 2 கிலோ எடை ஒரே கோட்டில் அழுத்தி, அந்தக் கோடு மடிப்பாகவே நின்றுவிடும். கோடையில் ஒரு பகல் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ரெண்டு நாள்கூட ஆகும். காய்ந்ததான்னு தெரிய டிஷ்யூ பேப்பரை நடுப்பகுதியில் வைத்து அரை நிமிஷம் அழுத்துங்க. பேப்பர் சில்லுன்னு இருந்தால் சுருட்டாதீங்க.

கிருமிநாசினி: பினாயில், ஆன்டிசெப்டிக் திரவம், சானிடைசர் மூணும் வேண்டாம். முதல் ரெண்டில் பைன் எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு, அது ரப்பரை ஊதவைக்கும். சானிடைசரின் ஆல்கஹால் பி.யு.வையும் ரப்பரையும் வறட்டும். நறுமண எண்ணெய் கலந்த "மேட் ஸ்ப்ரே"யும் எண்ணெய்தான். டி.பி.இ.யிலும் பி.வி.சி.யிலும் வாடை பிடிவாதமா நின்றால் ஒரு பங்கு வெள்ளை வினிகர், நாலு பங்கு தண்ணி கலந்து துடைத்து, பிறகு வெறும் தண்ணியில் எடுக்கலாம்.

புது ரப்பர் மேட்டுக்கு ஒரு டயர் வாடை வரும். ஒன்று ரெண்டு வாரம் விரித்தே வைத்தால் தணியும். ஊதுவத்தி, பெர்ஃப்யூம் எல்லாம் தேவையில்லாத வேலை.

சுருட்டுவது: பயிற்சி செய்யும் பக்கம் வெளியே இருக்கணும். உள்ளே வைத்துச் சுருட்டினால் விரிக்கும்போது ரெண்டு முனையும் மேலே சுருண்டு நிற்கும், கால் தடுக்கும். கார்க்கை உள்ளே வைத்து இறுக்கிச் சுருட்டினால் நசுங்கி வரிவரியாக மடிப்பு விழும். தூசி ஒட்டுதேன்னு பார்த்தால் மேலே பழைய வேட்டித் துணியில் ஒரு உறை போட்டுக்கோங்க, காற்று போகும். ஜிப் வைத்த ரெக்சின் உறைக்குள் ஈர மேட்டைப் போட்டால் பழைய கதைதான்.

பவானி_விரிப்பு:
துண்டு, விரிப்புன்னு ரெண்டு பேர் தொட்டுட்டு விட்டதால் எழுதுறேன். வேர்வை அதிகம்னா எந்த மேட் வாங்கினாலும் மேலே பருத்தி விரிப்பு போடுவது பழைய வழி. மைசூரில் அஷ்டாங்க யோகம் பழகுகிறவர்கள் மேட் மேல் தடித்த பருத்தி விரிப்பு போட்டுப் பண்ணுவது வழக்கம், வெளிநாட்டுக்காரர்கள் அதை "மைசூர் ரக்" என்றே கூப்பிடுகிறார்கள். நமக்கு ஈரோடு மாவட்டத்துப் பவானி ஜமுக்காளம் இருக்கு. ரெண்டடி அகலம், ஆறடி நீளத்தில் பருத்தி நூலில் நெய்தது கேளுங்க. செயற்கைப் பட்டு நூலில் நெய்ததும் அதே கடையில் பளபளன்னு தொங்கும். அது வழுக்கும், வாங்காதீங்க. துவைத்தால் சுருங்கும், அதனால் நாலைந்து இன்ச் கூடுதலா எடுங்க. முதல் மூணு தடவை தனியாகத் துவைத்துச் சாயம் நிற்பதைப் பார்த்துட்டு மேட் மேல் போடுங்க. கார்க்கில் ஏறின சிவப்புச் சாயம் போகாது.

உலர்ந்த பருத்தி ஆரம்பத்தில் வழுக்கும். கை ஊன்றும் இடம், கால் ஊன்றும் இடம் ரெண்டிலும் ஸ்ப்ரே பாட்டிலால் நாலைந்து தடவை தண்ணி அடிச்சிட்டுத் தொடங்குங்க. பிறகு வேர்வையே பார்த்துக்கும். கார்க்குக்கும் இதே யுக்திதான். விரிப்பு நேராகத் தரையில் கிடந்தால் டைல்ஸில் பறக்கும், அடியில் ரப்பர் இருந்தே ஆகணும். குதித்துப் பின்னால் போகும் சுற்றுகளில் விரிப்பு சுருக்கம் விழும், ஒவ்வொரு தடவையும் இழுத்துவிட வேண்டியிருக்கும். இந்தத் தொல்லைக்கு மருந்து இல்லை.

கோரைப்பாய்க்கு வீட்டில் என்ன பதில் சொல்வதுன்னா: பாதி அவங்க சொல்வது சரி. பிராணாயாமம், தியானம், பத்மாசனம், சவாசனம் இதுக்கெல்லாம் கோரைக்கு ஈடு இல்லை. முதுகுக்கு அடியில் சூடு சேராது, வேர்வை நசநசப்பு இல்லை. கை ஊன்றித் தள்ளும் ஆசனத்துக்கு ஆகாது. கோரையின் மேல்தோல் வழவழப்பு, பாயே விட்ரிஃபைடு டைல்ஸில் வழுக்கும், கால்விரலைத் திருப்பி இழுக்கும்போது கோரை முறிந்து சிலும்பு குத்தும். பத்தமடைப் பட்டுப்பாய் மாதிரி நுணுக்கமாக நெய்ததில் சூரிய நமஸ்காரம் பண்ணுவது பாய்க்குச் செய்யும் பாவம். தெருவில் கலர் கலராக விற்கும் பிளாஸ்டிக் பாயைக் கோரைன்னு நினைச்சு வாங்கிடாதீங்க, அது இன்னும் வழுக்கும். ரப்பர் மேட்டில் ஆசனம் முடித்து, பக்கத்தில் பாய் விரித்துச் சவாசனம் பண்ணினால் ரெண்டு பக்கமும் சமாதானம். பாயை மடிக்காமல் சுருட்டி நிறுத்தி வைங்க. ஈரம் பட்டால் கரும்புள்ளியாகப் பூஞ்சை ஏறும். பாய்க்கு மட்டும் இளங்காலை வெயிலில் அரை மணி நேரம் காட்டலாம்.

புதுவரவு_கேள்வி:
நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கணும். பலூன் ஊதினாலே எனக்கு உதடு தடிக்கும். கார்க் மேட் சரியா வருமா?

நாலு_மில்லி:
வராதுங்க. கார்க் மேட், பி.யு. மேட் பெரும்பாலானவற்றின் அடிப்பக்கம் இயற்கை ரப்பர், பலூனும் அதே ரப்பர் மரப் பால்தான். உங்களுக்கு டி.பி.இ. அல்லது பி.வி.சி., மேலே பருத்தி விரிப்பு. கார்க்கே வேணும்னா அடியில் டி.பி.இ. வைத்து வருவதும் உண்டு. அடிப்பக்கம் என்னன்னு அட்டையில் எழுதியில்லாத மேட்டை எடுக்காதீங்க. வகுப்பில் பொதுவாகக் கிடக்கும் மேட்டைத் தொடுவதற்கு முன்னாலும் கேட்டுக்கோங்க.

வேர்வைக்கை:
183 செ.மீ., 5 மி.மீ., கார்க் மேல், ரப்பர் அடி. இதைத்தான் எடுக்கப் போறேன், கூடவே ஒரு ஜமுக்காளம். வந்ததும் என்னென்ன சரிபார்க்கணும்? பழைய என்.பி.ஆரைக் குப்பையில் போடவும் மனசில்லை.

நிழலில்_காய:
வந்த அன்னைக்கே முழுசா விரித்து அளவு டேப் வைத்து அளங்க, எடை மெஷினில் நிறுத்துப் பாருங்க. கார்க் அடுக்கு ரப்பரோடு ஒட்டியிருக்கான்னு நாலு மூலையையும் நகத்தால் லேசா நெம்பிப் பாருங்க, பிரிவது மூலையிலிருந்துதான். ஒரு முனையை வெளிப்பக்கமாக வளைத்து, கார்க்கில் விரிசல் விடுதான்னு வெளிச்சத்தில் பாருங்க. திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க. வினைல் ஒட்டின தரை உள்ள அறை இருந்தால் அங்கே விரித்தே வைக்காதீங்க, ரப்பர் பட்ட இடம் மஞ்சளாகக் கறை பிடிக்கும். டைல்ஸில் அந்தப் பயம் இல்லை.

பழையதில் பொடி உதிராத பகுதியாகப் பார்த்து 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் ரெண்டு துண்டு வெட்டுங்க. கத்தரிக்கோல் பிய்க்கும், ஸ்டீல் ஸ்கேல் வைத்து பேப்பர் கட்டரால் ரெண்டு இழுப்பில் வெட்டினால் ஓரம் நேராக வரும். துண்டுக்குத் தலையணை உறை மாட்டிட்டால் முட்டிக்கு மெத்தை தயார். மிச்சத்தை வாஷிங் பேசின் கீழே, தோட்ட வேலையில் மண்டிபோடன்னு எதுக்கு வேணும்னாலும் போடுங்க. மிக்ஸி அடியில் மட்டும் வேண்டாம். மெத்தில் அமுங்கி அடியில் இருக்கும் காற்றுத்துளை அடைபடும், மோட்டார் சூடாகும்.